விரல் வியர்வையை அளக்கும் பெட்டி செய்வது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஈயம் வைத்துப் பழக வருவார்கள். பள்ளியில் அறிவியல் விழா நெருங்கினால் போதும், "அங்கிள், பொய் கண்டுபிடிக்கிற மெஷின் செய்வோமா?" என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அது அளப்பது பொய்யை அல்ல, விரல் வியர்வையை. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் மற்ற சாமான்களுக்கு அதிகம் செலவாகாது. எல்லாமே ஜாலான் பாசாரில் கிடைக்கும்.

வேண்டியவை இவ்வளவுதான்: 9 வோல்ட் பேட்டரி, அதற்கான மூடி ஒயர், 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று (மஞ்சள், ஊதா, மஞ்சள், தங்கம் என்று கோடு போட்டிருக்கும்), முதலைவாய் கிளிப் இரண்டு, வெல்க்ரோ பட்டை, சமையலுக்கு வாங்கும் அலுமினியத் தாள். தாளில் ஈயம் ஒட்டாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். கிளிப்பால் கவ்வினால் போதும்.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர், ரெசிஸ்டரின் மறுமுனையிலிருந்து ஆள்காட்டி விரல். நடுவிரலிலிருந்து நேரே பேட்டரியின் மைனஸ். தாளை விரலகலத்துக்கு மடித்து, விரலின் உள்பக்கம் படும்படி வெல்க்ரோவால் கட்டுங்கள். இறுக்கினால் விரல் துடிக்கும், தளர்ந்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து இரண்டு விரல்களுக்கும் குறுக்கே அளக்க வேண்டும்.

விரல்களுக்கிடையே தோலின் மின்தடை 200 கிலோ ஓம் என்றால் மீட்டர் 2.69 காட்டும். வியர்த்து அது 180 ஆகக் குறைந்தால் 2.49. எண் இறங்கினால் வியர்வை கூடுகிறது என்று பொருள். உடம்பில் ஓடும் மின்சாரம் 20 மைக்ரோ ஆம்பியரைக்கூடத் தொடாது, அந்த ரெசிஸ்டர் தாண்ட விடாது. இருந்தாலும் அடாப்டர் போட்டு ஓட்டவே கூடாது, பேட்டரி மட்டும்தான். இரண்டு விரலும் ஒரே கையில் இருக்கட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மாட்டாதீர்கள்.

கையைத் தயார் செய்வதில்தான் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, பத்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் நடந்து வந்தவனின் கை முதலிலேயே ஈரமாக இருக்கும். ஏர்கோன் போட்ட மண்டபத்தில் கை ஜில்லிட்டுப்போய் எண் அசையவே அசையாது. என் கடையில் மின்விசிறியை மெதுவாக வைத்து, கையை மடித்த துண்டின்மேல் வைக்கச் சொல்வேன். விரல் ஆடினாலும் எண் ஆடும், அதை வியர்வை என்று நினைத்துவிடக் கூடாது.

முதல் சோதனைக்குக் கேள்வியே வேண்டாம். ஆழமாக ஒரு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து மூன்று நொடிக்குள் எண் இறங்கி, அப்புறம் மெதுவாக ஏறும். அடுத்து இருமச் சொல்லுங்கள், பின்னால் நின்று கை தட்டுங்கள். எல்லாவற்றுக்கும் இறங்கும். உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளை இயக்குவது, நம்மைக் கேட்காமல் தானாக வேலை செய்யும் பரிவு நரம்புகள். அவற்றுக்குப் பயம், திகைப்பு, வெட்கம் எல்லாம் ஒன்றுதான். பொய்க்கென்று தனி வியர்வை கிடையாது. இதைப் பிள்ளை தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டத்துக்குப் போவேன்.

இரண்டிலிருந்து ஆறுக்குள் ஓர் எண்ணைத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும். "ஒன்றா?", "இரண்டா?" என்று ஏழு வரை கேளுங்கள், எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றே சொல்ல வேண்டும். கேள்விக்குக் கேள்வி இருபது நொடி இடைவெளி. கேட்கும்முன் மீட்டரில் இருந்த எண்ணையும், கேட்டபின் தொட்ட அடிமட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு எல்லோருக்குமே எண் சரியும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு முதல் ஆறு வரையான வரிசையை மாற்றி மாற்றி மூன்று சுற்று கேளுங்கள். எதைக் கேட்கும்போது மீட்டர் அதிகம் இறங்குகிறதோ அதுதான் எழுதிய எண் என்று ஊகியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐந்தில் ஒரு தடவை சரியாக வரும், ஆகவே ஒரு தடவை பிடித்ததும் கைதட்டிவிட வேண்டாம். குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த விவரத்தைப் பல பொய்யான விவரங்களுக்கு நடுவே வைத்துக் கேட்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959-இல் எழுதினார். நாம் செய்வது அதன் சின்ன வடிவம்.

இதற்கு மேல் ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி விழாவில் ஒரு பிள்ளையின் பணப்பை காணாமல் போனது. ஒரு பையன்மேல் சந்தேகம். "பெட்டியில் போட்டுப் பாருங்களேன்" என்றார்கள். நானும் மாட்டினேன். "நீ எடுத்தாயா?" என்றதும் எண் சரசரவென்று சரிந்தது. சுற்றி நின்றவர்கள் முகம் மாறியது, அவன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. இரண்டு நாள் கழித்து மேடைப் பாய்களுக்கு அடியில் பணப்பை கிடைத்தது. அத்தனை பேர் நடுவில் நிற்க வைத்துக் கேட்டால் யாருக்குத்தான் கை வியர்க்காது? அன்றைக்கு நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பையன் அதன்பிறகு என் கடைக்கு வரவில்லை.

பொய்யைக் கண்டுபிடிக்க விசாரணைகளில் பயன்படுத்தும் பெரிய பாலிகிராஃப் கருவி மூச்சு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்கிறது. அப்படியிருந்தும் ஒருவரின் சம்மதமில்லாமல் அந்தச் சோதனை செய்யக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. நம் அலுமினியத் தாளை வைத்துக்கொண்டு யாரையும் விசாரிக்க நமக்கு உரிமையில்லை.

விழாவில் வைக்கும்போது பெட்டியின்மேல் 'வியர்வைமானி' என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் புதுத் தாள் வெட்டிப் போடுங்கள், வியர்வை காய்ந்த தாள் எண்ணைக் கெடுக்கும். மாலையில் பேட்டரியைக் கழற்றி வைக்க மறக்க வேண்டாம்.