எந்தப் படி? கம்பைலர் சோதனைகளை எல்லா எந்திரத்திலும் ஓட வைப்பது

பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலையில் என் லேப்டாப், பக்கத்துப் பெட்டகத்தின் மேல் ஒரு ராஸ்பெரி பை போர்டு, அதாவது குட்டிக் கணினி. லேப்டாப்பில் இன்டெல் செயலி, போர்டில் ஆர்ம் வகைச் செயலி. பொழுதுபோக்காக எழுதிவரும் சிறிய சி கம்பைலருக்கு (சி மொழி நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) 214 சோதனைகள் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் எல்லாம் பாஸ். போன ஆடியில் போர்டில் ஓட்டினேன், 17 ஃபெயில். இரண்டு ராத்திரி கம்பைலரைக் குடைந்த பிறகுதான் தெரிந்தது, 16 இடத்தில் தப்பு சோதனையில்.

யாராவது ‘ரெண்டு படி அரிசி’ என்றால் அப்பத்தா உடனே அளக்க மாட்டார். “எந்தப் படின்னு சொன்னாகளா? பெரிய படியா, சின்னப் படியா?” ஒவ்வொரு சோதனையிடமும் இதைத்தான் கேட்க வேண்டும்.

சி மொழியில் முழு எண்ணை வைக்கும் லாங் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட். 32 பிட் ஆர்மிலும் 64 பிட் விண்டோஸிலும் 4 பைட். என் போர்டில் 32 பிட், 64 பிட் இரண்டையும் ஓட்டுவதால் மூன்று சோதனைகள் இதில் விழுந்தன. அளவு முக்கியமானால், பிட் கணக்கைப் பெயரிலேயே சொல்லும் வகைகளைப் போடுங்கள்.

அதிகம் படுத்தியது சார், ஒரே பைட் பிடிக்கும் வகை. வெறும் சார் என்று எழுதினால் இன்டெல் லினக்ஸில் எதிர்ம எண்ணும் தங்கும், ஆர்ம் லினக்ஸில் தங்காது. -1 போட்டுவிட்டு ‘பூஜ்யத்தைவிடச் சிறியதா?’ என்று கேட்டிருந்தேன். போர்டு அதை 255 ஆக வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்றது. சி மொழியின் தரநிலை (ஸ்டாண்டர்ட்) இரண்டையுமே அனுமதிக்கிறது. ஒன்பது சோதனைகள் போனது இதனால்தான். சைன்ட் சார் என்று வெளிப்படையாக எழுதியதும் சரியாகிவிட்டது. கம்பைலருக்கு ஒரு ஆப்ஷன் கொடுத்தும் மூடிமறைக்கலாம். எனக்கு அதில் சம்மதமில்லை.

முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கும் கட்டளைக்கு இன்டெல்லில் நிரல் செத்துப்போகும். 64 பிட் ஆர்ம் அமைதியாக 0 தரும். ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு வகைச் செயலி -1 தரும். தரநிலை வரையறுக்காத விடையை எதிர்பார்த்த இரண்டு சோதனைகளையும் அழித்துவிட்டேன். மிச்சம் இரண்டு தசம எண் சோதனைகள், ஜிசிசி என்ற பிரபலமான கம்பைலரின் விடையோடு ஒப்பிடுபவை. ஆர்மில் ஜிசிசி பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்துவிடுவதால் கடைசி இலக்கம் மாறுகிறது. அந்த இணைப்பை நிறுத்திவிட்டு ஒப்பிடுங்கள்.

சில சோதனைகள் சில இடங்களில் நிஜமாகவே ஓடாது. அவற்றை எந்திரத்தின் பெயர் சொல்லி ஒதுக்காதீர்கள்; புதுப் போர்டு வரும்போதெல்லாம் பட்டியல் நீளும். ‘லாங் 8 பைட் வேண்டும்’ என்று தேவையைச் சோதனையின் தலையில் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் ஒரு குட்டி நிரலைக் கம்பைல் செய்து பார்த்து முடிவெடுக்கட்டும். ஜிசிசியின் சோதனைத் தொகுப்பும் இந்த வழியில்தான் போகிறது. ஓட்டாமல் தாண்டிவிட்ட சோதனைகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் அச்சிடுங்கள்.

ஒரு எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் தலைகீழ் வரிசையில் வைக்கும் எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃபிரேம் வகை) எந்திரத்தில் சோதிக்க மெயின்ஃபிரேம் வாங்க வேண்டாம், வேறு எந்திரம்போல நடிக்கும் க்யூஎமு மென்பொருள் போதும். மெதுவாக ஓடும் என்பதால் நேர வரம்பைப் பத்து மடங்காக்கினேன்.

அப்புறம் மிச்சமிருந்த அந்தப் பதினேழாவது, தப்பு நிஜமாகவே கம்பைலரில் இருந்தது. 64 பிட் ஆர்ம் லினக்ஸில் ஷார்ட் (16 பிட் முழு எண்) மதிப்பை ரிஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது மேல் பிட்டுகளில் குப்பை இருக்கலாம். வாங்கும் ஃபங்ஷன்தான் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். என் கம்பைலர் செய்யவில்லை. இன்டெல்லில் ஜிசிசி அனுப்பும்போதே சுத்தமாக அனுப்பியதால் இத்தனை நாள் தப்பித்திருக்கிறது. மூன்று வரி சேர்த்தேன், பாஸ் ஆகிவிட்டது. அந்தச் சோதனையை மட்டும் நான் தொடவே இல்லை.