பழைய காரில் குரூஸ் கன்ட்ரோல் இயங்காதபோது எங்கிருந்து தேடுவது

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் பழைய காரில் நின்றுபோனால், வேகத்தைப் பிடித்து வைக்கும் கருவியோ அதன் மின்னணுப் பெட்டியோ கெட்டுவிட்டதாக எண்ணி, விலை அதிகமான பாகத்தைத் தேடி அலைபவர்கள் பலர். உண்மையில், சிறு ஐயம் எழுந்தாலும் வேகத்தைக் கைவிட்டுவிடும்படியே இந்த அமைப்பு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பிரேக் மிதிக்கப்படவில்லை என்பது உறுதிப்படாவிட்டால் அது இயங்க மறுக்கும். எனவே பிடிக்கும் பாகத்தை விட்டுவிட்டு, அதை விடுவிக்கும் பாகங்களையே முதலில் சோதிக்க வேண்டும்.

அதற்கு முன் பானட்டைத் திறந்து, எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு எத்தனை கேபிள்கள் வருகின்றன என்று பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளுடன் இரண்டாவதாக ஒன்று இருந்தால் அதைத் தொடர்ந்து செல்லுங்கள். அதன் மறுமுனையில் ரப்பர் டியூப்கள் இணைந்த வட்டமான டப்பா இருந்தால் அது வேக்குவத்தால், அதாவது எஞ்சினின் உறிஞ்சு விசையால், இயங்குவது. வயர்கள் மட்டும் செல்லும் பெட்டியாக இருந்தால் மோட்டாரால் இயங்குவது. கேபிளே இல்லாத கார்களில் எஞ்சின் கணினியே த்ராட்டிலை நகர்த்துகிறது. அவற்றுக்கு வேக்குவம் பற்றிய பகுதி பொருந்தாது.

முதல் சோதனை பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச். பல கார்களில் இதற்குள் இரண்டு தனித்தனிச் சுற்றுகள் உண்டு. ஒன்று பெடலை மிதிக்கும்போது இணைந்து பிரேக் விளக்கை எரிய வைக்கும். மற்றொன்று மிதிக்காதபோது இணைந்திருந்து, மிதித்தவுடன் துண்டித்து குரூஸை விடுவிக்கும். ஆகவே பிரேக் விளக்கு சரியாக எரிவதை மட்டும் வைத்து சுவிட்ச் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரால் இரண்டு சுற்றுகளையும் பெடலை மிதித்தும் விட்டும் அளந்து பாருங்கள். பெடல் முழுமையாக மேலே வராமல் சற்றே தாழ்ந்து நின்றாலும், சுவிட்சின் இருக்கை தளர்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். அப்போது சுவிட்சை மாற்றத் தேவையில்லை, அதன் நிலையைத் திருத்தினால் போதும். மேனுவல் கியர் கார்களில் கிளட்ச் பெடலிலும் இத்தகைய சுவிட்ச் இருக்கும், அதையும் இவ்வாறே சோதியுங்கள்.

அடுத்து பிரேக் விளக்குகளின் பல்புகள். பழைய மாடல்கள் சிலவற்றில் குரூஸ் பெட்டி, பல்பின் இழை வழியாகவே எர்த் இணைப்பை உணர்ந்து, பிரேக் சுற்று முழுமையாக உள்ளது என்று முடிவு செய்கிறது. பல்புகள் எரிந்துபோயிருந்தாலோ, அவற்றுக்குப் பதிலாக எல்இடி பொருத்தியிருந்தாலோ அந்த உணர்வு கிடைக்காமல் குரூஸ் இயங்க மறுக்கலாம். விளக்கை மாற்றிய பிறகே கோளாறு தொடங்கியது என்றால், பழைய வகைப் பல்பை மீண்டும் பொருத்திப் பார்ப்பதே மிக விரைவான சோதனை.

ஃபோர்டு நிறுவனத்தின் பல மாடல்களில், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் குரூஸைத் துண்டிக்கும் கூடுதல் சுவிட்ச் ஒன்று உண்டு. அதற்குள் ஆயில் கசிந்து, கார் நின்றிருக்கும்போதே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், 1999 முதல் 2009 வரை பல கட்டங்களாக 1 கோடிக்கும் அதிகமான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் கார் அவற்றில் ஒன்றா, திருத்தம் செய்யப்பட்டதா என்பதை அறியாமல் அந்தச் சுற்றுக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

ஃபியூஸைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஸ்டீயரிங்கில் குரூஸ் பொத்தான்கள் உள்ள காரில் ஹாரனும் ஒலிக்காமல், ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்கின் உள்ளே சுருண்டிருக்கும் நாடா வயர் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வேலையை ஏர்பேக் பற்றிய பயிற்சி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக் வயரில் மல்டிமீட்டரை வைப்பது உயிருக்கே ஆபத்தானது.

ஸ்பீடோமீட்டர் முள் துள்ளினாலோ அவ்வப்போது சுழியத்துக்கு விழுந்தாலோ, குரூஸ் அடிக்கடி விடுபடுவதற்குக் காரணம் வேக சென்சாராக இருக்கலாம். அமெரிக்காவில் விற்கப்பட்ட 1996 மாடல் முதலான கார்களில் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனரை இணைத்தால், பி0500 என்ற குறியீடு வேக சென்சாரையும் பி0571 பிரேக் சுவிட்சையும் சுட்டும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும்போது குரூஸைத் தடுத்துவிடும் கார்களும் உண்டு. பெரும்பாலான அமைப்புகள் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குக் கீழே இயங்கா என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சமதளத்தில் சரியாக ஓடி, மேட்டில் மட்டும் வேகம் குறைந்தால் அது வேக்குவக் கோளாற்றின் தெளிவான அடையாளம். மேடு ஏறும்போது த்ராட்டில் அகலத் திறப்பதால் எஞ்சினின் உறிஞ்சு விசை குறைகிறது. அந்நேரத்தில் வேக்குவத்தைச் சேமித்து வைக்கும் கலனும் ஒருவழி வால்வும்தான் கைகொடுக்க வேண்டும். வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் ஒரு திசையில் மட்டுமே காற்று செல்ல வேண்டும். எஞ்சின் சூட்டில் இறுகிய டியூப்கள் முனைகளில்தான் முதலில் வெடிக்கும். டியூபின் நீளம் இடம் கொடுத்தால் வெடித்த முனையை வெட்டி மீண்டும் பொருத்தலாம். டப்பாவைச் சோதிக்க, எஞ்சினை அணைத்து, டியூப்களைக் கழற்றி, அதிலுள்ள ரப்பர் சவ்வான டயாபிரத்தைக் கையால் உள்ளே தள்ளி, எல்லாத் துளைகளையும் விரல்களால் அடைத்துவிட்டு, தள்ளிய கையை எடுங்கள். அது அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் உள்ளே கிழிசல் இருக்கிறது. பெடலருகே காற்றைத் திறந்துவிடும் வால்வு இருந்தால் அதன் கசிவையும் பாருங்கள்.

வேகம் ஏறி இறங்கி அலைந்தால் கேபிளின் தளர்வைக் கவனியுங்கள். சில மில்லிமீட்டர் தளர்வு தேவை. அதிகமானால் குரூஸ் பிடிப்பதற்குள் வேகம் விழும், தளர்வே இல்லாவிட்டால் த்ராட்டில் முழுவதும் மூடாது.

இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே மின்னணுப் பெட்டியைத் திறக்க வேண்டும். விரிசல் கண்ட சாலிடரையும் கசிந்த கெப்பாசிட்டரையும் பூதக்கண்ணாடியால் தேடுங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன், எஞ்சினை அணைத்த நிலையில் த்ராட்டிலைக் கையால் திறந்து விட்டு, அது தயங்காமல் மூடுகிறதா என்று பாருங்கள். பிறகு போக்குவரத்து இல்லாத உலர்ந்த சாலையில் குரூஸை இயக்கி, பிரேக்கை லேசாகத் தொட்டவுடன் விடுபடுகிறதா என்று சோதியுங்கள். விடுபடாவிட்டால் பிரேக்கை அழுத்தி மிதித்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கார் நின்ற பிறகு எஞ்சினை அணையுங்கள்.