முந்தைய பதிவோடு ஒப்பிடும் படிவங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் உருவாக்கும், வாகனம் ஓடிய கிலோமீட்டரைப் பதியும் படிவத்தில், புதிய அளவு அதே வாகனத்தின் முந்தைய அளவைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பது மிக எளிய விதியாகத் தோன்றும். ஆனால் ‘முந்தைய’ என்ற சொல் எந்தப் பதிவைக் குறிக்கிறது என்று முடிவு செய்யாமலேயே நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறோம். பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர் அதுதான்.

கடைசியாகச் சேமித்த பதிவு, அளவு மிக அதிகமாக உள்ள பதிவு, தேதியால் முந்தைய பதிவு என மூன்று பொருள் அதற்கு உண்டு. பதிவுகள் அன்றன்றே ஏறும்வரை மூன்றும் ஒன்றாகவே இருக்கும். 15ஆம் தேதிச் சீட்டு ஏறிய பிறகு 10ஆம் தேதிச் சீட்டு கைக்கு வரும் நாளில், அக்சஸின் டிமேக்ஸ் (DMax) சார்பால் மிக உயர்ந்த அளவை எடுத்து ஒப்பிடும் படிவம், சரியான எண்ணையே தவறென்று மறுத்துவிடும். பதிபவர் வேறு வழியின்றித் தேதியை மாற்றிப் போடுவார். தரவு உண்மையில் கெடுவது அப்போதுதான். தேதியால் உடனடியாக முன்னும் பின்னும் உள்ள இரு பதிவுகளையும் எடுத்து, புதிய அளவு அவற்றுக்கு இடையில் அமைகிறதா என்று பார்ப்பதே முறை. ‘கடைசி’ என்று பொருள்படும் டிலாஸ்ட் (DLast) சார்பின் பெயரை நம்பி அதைப் பயன்படுத்துவோரும் உண்டு. அட்டவணைக்கு இயல்பான வரிசை என ஒன்று இல்லாததால், அது தருவது கடைசிப் பதிவுதான் என்பதற்கு உறுதியில்லை.

தேதியை நிபந்தனையில் சேர்க்கும்போது இன்னொரு குழி காத்திருக்கிறது. மார்ச் 5ஐக் குறிக்க, இரு # குறிகளுக்கு இடையில் 05/03/2024 என்று எழுதினால், கணினியின் தேதி அமைப்பு எதுவானாலும் அக்சஸ் அதை மே 3 என்றே எடுத்துக்கொள்ளும். 13/03/2024 என்றால் 13ஆவது மாதம் இல்லாததால் மார்ச் 13 என்று சரியாகப் புரிந்துகொள்ளும். ஆகவே, மாதத்தின் பிற்பாதியில் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-03-05 என வடிவமைத்துக் கொடுத்தால் குழப்பம் நீங்கும்.

ஒரு வாகனத்தின் முதல் பதிவுக்கு முந்தையது எதுவும் இல்லாததால், தேடல் ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பைத் தரும். அதோடு ஒப்பிட்டால் விடையும் நல் ஆகிவிடும். நிபந்தனையைச் சோதிக்கும் இஃப் (If) கூற்று அதைப் பொய்யாகவே கொள்ளும். ‘குறைவாக இருந்தால் மறு’ என்று எழுதியிருந்தால் எந்த எண்ணும் உள்ளே போய்விடும். ‘குறையாமல் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்’ என்று எழுதியிருந்தால் முதல் பதிவையே சேமிக்க முடியாது. என்இசட் (Nz) சார்பால் நல்லைச் சுழியமாக்குவது வழக்கம் என்றாலும், வாகன எண்ணையே பிழையாகத் தட்டச்சு செய்ததால் பழைய பதிவு கிடைக்காமல் போயிருந்தால், அந்தப் பிழையையும் அது மூடி மறைத்துவிடும். எனவே வாகன எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதே நல்லது.

பழைய பதிவைத் திருத்தும்போது அந்தப் பதிவே ‘முந்தைய பதிவாக’ வந்து நிற்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 45,210 என்பதை 54,210 என்று பதிந்துவிட்டவர் அதைச் சரிசெய்ய வரும்போது, முந்தைய அளவைவிடக் குறைவு என்று படிவம் தடுக்கும். தேடும் நிபந்தனையில், திருத்தப்படும் பதிவின் முதன்மைச் சாவியை, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பை, விலக்கிவிட வேண்டும்.

சோதனையை, மாற்றம் ஏற்கப்பட்ட பின் இயங்கும் ஆஃப்டர்அப்டேட் (AfterUpdate) நிகழ்வில் வைத்தால் எச்சரிக்கை மட்டுமே தர முடியும்; சேமிப்பை நிறுத்தும் வசதி, அதற்கு முன் இயங்கும் பிஃபோர்அப்டேட் (BeforeUpdate) நிகழ்வில்தான் இருக்கிறது. அதையும் படிவத்தில் உள்ள ஒரு தனிப் புலத்தின் அளவில் மட்டும் வைத்தால், பயனர் அந்தப் புலத்தைத் தொடாமலே கடக்கும்போது சோதனை இயங்காது. ஆகையால் இறுதிச் சோதனையைப் படிவத்தின் பிஃபோர்அப்டேட்டில் வைக்க வேண்டும். படிவத்தைத் தொடாமல் அட்டவணைக்குள் நேரடியாக இறக்குமதியாகும் தரவுக்கு இவை எதுவும் பொருந்தா.

கீழ்வரம்பை மட்டும் காப்பதும் போதாது. 45,210க்குப் பதிலாக 4,52,100 என்று ஓர் இலக்கம் கூடிப்போனால் விதி அதை மறுப்பேதுமின்றி ஏற்கும். அதன் பிறகு வரும் சரியான அளவுகள் ஒவ்வொன்றையும் மறுக்கும். இரு பதிவுகளுக்கு இடைப்பட்ட நாள்களில் வாகனம் அவ்வளவு தூரம் ஓடியிருக்க முடியுமா என்று கணக்கிட்டு, மிகையாகத் தெரிந்தால் படிவம் எச்சரிக்க வேண்டும். மீட்டரையே மாற்றியிருந்தால் அளவு குறைவது இயல்பு என்பதால், காரணத்தைப் பதிந்துவிட்டுத் தொடரவும் அது இடம் தர வேண்டும்.