ஈறு அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

போன தை மாதம் பாளையங்கோட்டையில் என் மதினிக்கு அறுவை நடந்தது. கடைவாய்ப் பல் ஓரம் எலும்பு கரைந்த குழியில் எலும்புத் தூள் நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு வைத்துத் தைத்தார்கள். அந்தச் சவ்வு எதற்கு என்று தெரிந்தால்தான் பத்தியம் இருக்க மனசு வரும். ஈறு வேகமாக வளரும். எலும்பும் பல்லைப் பிடித்திருக்கும் நாரும் மெதுவாக வளரும். ஈறு முந்திக்கொண்டு குழிக்குள் இறங்காமல் சவ்வு தடுத்து நிற்கிறது. அது அசையக்கூடாது, அவ்வளவுதான்.

அதனால் உதட்டை இழுத்துத் தையலைப் பார்க்கவே வேண்டாம். மதினி இரண்டாம் நாளே கண்ணாடி முன் நின்றார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

சாப்பாட்டுக்கு நம் ஊர்ச் சொதி கைகொடுத்தது. காரம் குறைத்து, இஞ்சித் துவையல் இல்லாமல், நன்றாக ஆறவைத்து, குழைந்த சோற்றில் ஊற்றி மறுபக்கமாக மெல்லச் சொன்னேன். ஸ்ட்ரா வேண்டாம். வெற்றிலை, புகையிலை அறவே ஆகாது. புகையிலை ஈறுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

மருத்துவர் சொல்லும்வரை தையல் போட்ட இடத்தில் பிரஷ் படக்கூடாது. குளோர்ஹெக்சிடின் என்ற, கிருமியைக் கொல்லும் வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்திருந்தால், மற்றப் பற்களைத் துலக்கி அரை மணி கழித்து வாயில் வைத்திருந்து துப்புங்கள். பேஸ்ட்டின் நுரை அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

சீழ், காய்ச்சல், மூன்று நாளுக்குப் பிறகும் கூடும் வீக்கம் என்றால் உடனே கிளம்புங்கள். எலும்பு தேற மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விட்டது என்று எக்ஸ்ரே தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.