‘ஓசிமாண்டியஸ்’ கவிதையை வாசிக்கும் முறை

ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் ‘ஓசிமாண்டியஸ்’ பதினான்கே வரிகள் கொண்டது என்பதால், ஒரே மூச்சில் படித்துவிட்டு ‘எல்லாம் ஒருநாள் மண்ணாகும்’ என்று பொருள் கண்டு மூடிவைத்துவிடுகிறோம். அந்த முடிவைச் சற்றுத் தள்ளிவைத்து, பேசுகிறவர் யார் என்பதை வரிக்கு வரி பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கவிஞர் எதையும் நேரில் காணவில்லை. தொன்மையான நாடொன்றிலிருந்து வந்த பயணி சொல்லக் கேட்கிறார். அந்தப் பயணியோ பாலைவனத்தில் சிதைந்து கிடக்கும் ஓசிமாண்டியஸ் என்ற அரசனின் சிலையைக் கண்டு, அதன் பீடத்தில் பொறித்திருந்ததைப் படித்துச் சொல்கிறான். மன்னர்க்கு மன்னன் என்று முழங்கியவனின் குரல், இப்படி இருவர் வாய் கடந்தே நம்மை வந்தடைகிறது.

அடுத்து, மணலில் பாதி புதைந்த சிலையின் முகத்தருகே நிதானியுங்கள். சுளிப்பையும், உதட்டின் மடிப்பையும், ஆணையிட்டே பழகிய ஏளனத்தையும் சிற்பி கல்லில் இறக்கியிருக்கிறான். அவன் கையைக் குறித்து ஷெல்லி ஆளும் ‘மாக்ட்’ என்ற வினைக்குப் போலச் செய்தல், எள்ளுதல் என இரு பொருளும் உண்டு. தமிழில் ‘பழித்துக் காட்டுதல்’ ஓரளவு ஈடுகொடுக்கும், சிறுபிள்ளை விளையாட்டின் வாடை அதில் வீசினாலும். அரசனிடம் கூலி வாங்கிக்கொண்டே அவனைக் காட்டிக்கொடுத்தவன் இந்தச் சிற்பிதான். கவிதையின் உயிர்நிலை இங்கே இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

பீடத்து வாசகத்தை இருமுறை படியுங்கள். என் படைப்புகளைக் கண்டு நம்பிக்கை இழந்துபோங்கள் என்று வல்லோரை நோக்கி அரசன் சொன்னது, முதலில் செருக்காகவும், சுற்றிலும் வெறும் மணலே எனத் தெரிந்தபின் எச்சரிக்கையாகவும் ஒலிக்கும். ஓர் எழுத்தும் மாறவில்லை. பன்னிரண்டாம் வரியின் நடுவே வரும் முற்றுப்புள்ளியில், வாய்விட்டுப் படிக்கும்போது, முழுதாக நின்றுவிட்டுத் தொடருங்கள்.

வரலாற்றுக்குக் கடைசியாகவே போங்கள். ஓசிமாண்டியஸ் என்பது எகிப்திய மன்னன் இரண்டாம் ராமேசஸின் பட்டப்பெயர் கிரேக்க வாயில் திரிந்த வடிவம். அவனது கல்வெட்டாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதிவைத்த வாசகம், என் பெருமையை அறிய விரும்புகிறவன் என் செயல்களில் ஒன்றையேனும் விஞ்சிக் காட்டட்டும் என அறைகூவுகிறது. நம்பிக்கை இழக்கச் சொல்லும் ஆணை ஷெல்லி சேர்த்தது. கவிதை 1818 ஜனவரி 11 அன்று ‘எக்ஸாமினர்’ இதழில் வெளிவந்தது. 1816இல் இத்தாலியரான பெல்சோனி பண்டைய எகிப்திய நகரமான தீப்ஸிலிருந்து அகற்றிய, ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள ராமேசஸின் சிலைப்பகுதி இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைத் தேடி எடுத்துக் கவிதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அந்த முகத்தில் சுளிப்பும் இல்லை, ஏளனமும் இல்லை, இதழோரம் மெல்லிய புன்னகை மட்டுமே இருக்கிறது.