மக்காச்சோளத்தைக் கட்டமாக ஊன்றுங்கள்

வீட்டுத் தேவைக்கு மக்காச்சோளம் போடுகிறவர்கள் வரப்போரமாக ஒரே வரிசையில் ஊன்றிவிடுகிறார்கள். கதிர் பொக்கையாக வந்ததும் உரக்கடைக்கு ஓடுகிறார்கள். முதலில் மகரந்தம் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

இதற்குத் தேனீ தேவையில்லை, காற்று போதும். உச்சியில் இருக்கிற ஆண் பூவிலிருந்து மகரந்தத் தூள் உதிர்ந்து, கதிர் முனையில் தொங்கும் பட்டு நூலில் விழ வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு மணி. தூள் படாத நூலின் இடம் காலியாகவே நிற்கும். செடி தன் பங்கைச் சரியாகவே செய்கிறது. பூவை இலைகளுக்கு மேலே தூக்கி வைக்கிறது, லட்சக்கணக்கில் தூள் விடுகிறது, நூலில் பசையும் மெல்லிய ரோமமும் வைத்திருக்கிறது. தூள் படும்வரை நூல் நாளுக்கு நாள் நீள்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆனால் இந்தத் தூள் கனமானது, பெரும்பகுதி பக்கத்திலேயே விழுந்துவிடும்.

அதனால் 20 செடி என்றாலும் 4 வரிசையாக, கட்டமாக, ஒரே நாளில் ஊன்றுங்கள். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. எங்கள் பொங்கலூர் பக்கம் ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடித்துத் தள்ளும். தெற்கு வடக்காக ஒற்றை வரிசை நின்றால் தூளெல்லாம் கிழக்குக் காட்டுக்காரருக்குத்தான் போகும். பிள்ளைகளுக்கு ஸ்வீட் கார்ன் போடுகிறீர்களா? மேற்கே தீவன மக்காச்சோளம் இருந்தால், இரண்டும் ஒன்றாகப் பூக்காதபடி இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடுங்கள். தீவனத் தூள் பட்டால் இனிப்பு போய் மாவாகிவிடும்.

பூவெடுக்கும்போது தண்ணீர் குறையவே கூடாது. காய்ந்தால் நூல் வரத் தாமதமாகும், அதற்குள் தூள் தீர்ந்துவிடும். காலையில் மருந்தும் அடிக்காதீர்கள், அதுதான் தூள் உதிரும் நேரம்.

செடி குறைவாக இருந்தால் பனி காய்ந்ததும் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள்.

தூள் சேர்ந்ததா என்று அறிய, நூல் வந்து ஒரு வாரம் கழித்து ஒரு கதிரை ஒடித்து, மட்டையைக் கவனமாக உரித்து உதறிப் பாருங்கள். மணி பிடித்த நூல் தானாக உதிரும். நிறைய நூல் ஒட்டிக்கொண்டே இருந்தால், பூவில் தூள் இருக்கும்வரை தினமும் காலையில் ஆட்டிவிடுங்கள்.