பீட்ரூட் துண்டில் செல் சவ்வைச் சோதிப்பது எப்படி?

பீட்ரூட்டின் சிவப்பு, பீட்டாசயனின் என்ற நிறமி. அது செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழில் அடைபட்டிருக்கிறது. வெளியே வர நுண்குமிழின் சவ்வு, செல் சவ்வு இரண்டையும் தாண்ட வேண்டும். சவ்வு நன்றாக இருக்கும்வரை அது முடியாது. ஆகவே, துண்டைப் போட்ட தண்ணீர் எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு சவ்வு கெட்டிருக்கிறது.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காய் என்றால் புதிதாகவே கிடைக்கும். வாடியது வேண்டாம். 3 மில்லிமீட்டர் தடிமனில், ஒரே அளவில் ஆறு வில்லைகள் வெட்டுங்கள். அடுத்ததுதான் பலரும் தவறவிடும் இடம்: கத்தி கிழித்த செல்களின் சாயம் வில்லைமேல் ஒட்டியிருக்கும். தண்ணீர் நிறமின்றித் தெளியும்வரை, நான்கைந்து முறையாவது மாற்றி அலசுங்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் எல்லாக் குழாயும் சிவந்து, சோதனையே வீண்.

தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி அடுப்பை அணையுங்கள். ஒரு வில்லையை 1 நிமிடம் முக்கியெடுத்து, 10 மில்லி சாதா தண்ணீர் உள்ள சோதனைக்குழாயில் போடுங்கள். சூடு இறங்க இறங்க 60, 50, 40, 30 டிகிரியில் இதையே செய்யுங்கள். சித்திரையில் தருமபுரி மாடித்தொட்டித் தண்ணீரே 30-ஐத் தாண்டிவிடும், ஐஸ் சேருங்கள். வெப்பமானியின் முனை பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. 20 நிமிடம் கழித்து வில்லைகளை எடுத்துவிட்டு, குழாய்களைக் குலுக்கி வெள்ளைத்தாள் முன் ஒப்பிடுங்கள். 30, 40-இல் சாயம் மிகக் குறைவு. 60-க்கு மேல் அடர்சிவப்பு. சூட்டில் சவ்வின் கொழுப்பு அடுக்கு தளர்கிறது, புரதங்கள் உருக்குலைகின்றன.

எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீரைப் பயன்படுத்துங்கள், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. நம் போர்த் தண்ணீர் பெரும்பாலும் கடினம். அதிலுள்ள கால்சியம் சவ்வை இறுக்கிப் பிடித்துக் கசிவைக் குறைக்கும்.

ஆறாவது வில்லையை, 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் உப்புக் கரைத்து அதில் அரை மணி நேரம் போடுங்கள். வில்லை தொய்ந்துவிடும், ஆனால் சாயம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கும். தண்ணீர் மட்டும் சவ்வூடு பரவலால் வெளியேறியிருக்கிறது. தண்ணீருக்கென்றே சவ்வில் அக்குவாபோரின் என்ற புரத வழிகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரே என்பவருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பெரிய, மின்னேற்றமுள்ள நிறமிக்கு அப்படி வழியில்லை.

சோப்பையும் சோதிக்கலாம், அது கொழுப்பைக் கரைத்துச் சவ்வை உடைக்கும். ஆனால் காரம் அதிகமான சலவைத்தூள் நிறமியையே மஞ்சளாக்கிவிடும். கசிவு குறைவென்று தவறாக எண்ண நேரும். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு போதும்.